ஒரு தடவை போட்ட துணிக்கு எது தோது: ஸ்டாண்டா, கதவுக் கொக்கியா, பரணடிப் பைப்பா?

அலுவலகத்துக்கு ஒரு நாள் போட்டுப் போன பேன்ட், கல்யாண வீட்டுக்கு இரண்டு மணி நேரம் கட்டிப் போன சுங்குடிச் சேலை, ராத்திரி மறுபடி கட்ட வேண்டிய கைலி. இவற்றைத் துவைக்கப் போட மனசு வராது. பீரோவில் துவைத்த துணியோடு சேர்த்து வைக்கவும் முடியாது. படுக்கையறையில் எங்கேயாவது ஏறி உட்கார்ந்துகொள்ளும். மதுரை திருநகரில் வீடு மாறியபோது இதற்கு ஒரு வழி செய்தே ஆக வேண்டும் என்று எல்லாவற்றையும் யோசித்து, கடைசியில் பரணுக்கு அடியில் ஒரு ஸ்டீல் பைப் மாட்டினோம். என் ஓட்டு அதற்குத்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாற்காலியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எல்லா வீட்டுப் படுக்கையறையிலும் ஒன்று இருக்கிறது, யாரும் அதில் உட்கார்வதில்லை. மூடி போட்ட கூடை அழுக்குத் துணிக்குச் சரி, திரும்பப் போடப் போகிற துணிக்கு ஆகாது. அறைக்குக் குறுக்கே கட்டும் நைலான் கொடி நடுவில் தொய்ந்து, எல்லாத் துணியும் அந்தப் பள்ளத்தில் வந்து குவியும். விருந்தாளி வந்தால் அவிழ்த்துச் சுருட்ட வேறு வேண்டும்.

நிஜமான போட்டி கதவுக் கொக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் பைப்புக்கும்தான். கொக்கி மலிவு, இடமும் அடைக்காது. ஆனால் ஒரு கொக்கியில் ஒரு துணியோடு எந்த வீட்டிலும் நிற்பதில்லை. சட்டைமேல் சுடிதார், அதன்மேல் துண்டு, கடைசியில் ஹெல்மெட். கதவு சுவரோடு ஒட்டத் திறக்காது. கொக்கி குத்திய இடத்தில் சட்டை முதுகில் மூக்கு மாதிரி ஒரு புடைப்பும் நிற்கும். ஸ்டாண்ட் பார்க்க அழகுதான். இலேசான குழாய் ஸ்டாண்ட் என்றால் ஒரு பக்கம் பாரம் ஏறியதும் சாய்கிறது, தினமும் வீடு பெருக்கும்போது நகர்த்த வேண்டியிருக்கிறது. கனமான மர ஸ்டாண்ட் சாயாது என்கிறார்கள். நான் வைத்துப் பார்த்ததில்லை.

என்னைக் கேட்டால் இதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: கழற்றிய துணிக்குள் காற்று போகிறதா இல்லையா. மதுரை வெயில் தெரிந்ததுதானே, சித்திரையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பெரியார் பஸ் நிலையம் போய் வந்தாலே சட்டை முதுகோடு ஒட்டிவிடும். வேர்வைக்கு வந்த நிமிஷத்தில் பெரிதாக நாற்றம் கிடையாது. ஈரம் போகாமல் கிடந்தால்தான் பாக்டீரியா வேலை செய்து வாடை கிளம்புகிறது. ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கினால் வெளித் துணி காயும், உள்ளே இருப்பது காயாது. பாலியஸ்டர் கலந்த சட்டை இதில் ரொம்ப மோசம், பருத்தி கொஞ்சம் பொறுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைமை இன்னும் கெடும். காய்ந்த வேர்வையில் மிஞ்சும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கழுத்துப் பட்டையிலும் அக்குளிலும் பூஞ்சைக் கரும்புள்ளி பிடித்துவிட்டால் வெள்ளை வேட்டி சட்டையையாவது பிளீச்சில் போடலாம், சுங்குடியை என்ன செய்வது? கஞ்சி போட்ட துணியை அந்த ஈரத்தோடு மடித்து பீரோவில் வைத்தால் ராமபாணப் பூச்சிக்கும் விருந்து. கஞ்சியில் இருக்கிற மாவுச்சத்துதான் அதற்குச் சாப்பாடு. “வேர்வைத் துணியை உள்ளே வைக்காதப்பா” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததன் காரணம் இதுதான்.

பைப் ஜெயிப்பது இங்கேதான். ஒரு ஹேங்கருக்கு ஒரு துணி, நடுவே நாலு விரல் இடைவெளி, ஃபேன் காற்று இரண்டு பக்கமும் படும். பரண் மேலே மறைப்பதால் ஒட்டடை, தூசி துணிமேல் விழுவதில்லை. எங்கள் பரண் இரண்டு அடி அகலம், அதன் நடுக்கோட்டில், சுவரிலிருந்து சரியாக ஓர் அடி தள்ளி பிராக்கெட் போட்டோம். ஹேங்கர் பதினேழு அங்குலம் வரும், பைப்பைச் சுவரை ஒட்டி வைத்தால் ஹேங்கர் கோணிக்கொண்டு நிற்கும், துணி சுண்ணாம்பில் உரசும். துருப்பிடிக்காத ஸ்டீலாகவே வாங்குங்கள். சாதா இரும்பின் துருக்கறை சேலை மடிப்பில் ஏறினால் போகாது. டிரில் கூலியோடு 1,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஆளுக்கு மூன்று ஹேங்கர்தான், நாலாவது துணி வந்தால் ஏதாவது ஒன்று துவைக்கப் போக வேண்டும்.

குறையும் உண்டு. உயரம் ஆறரை அடிக்கு மேல் வருகிறது, அம்மாவுக்கு எட்டாது. அவருடைய சேலைக்குத் தாழ்வாக ஒரு கொக்கி தனியாக அடித்தோம். கொசு விஷயத்தில் பைப்புக்கு முழு மார்க் தர மாட்டேன். டெங்கு பரப்பும் கொசு தொங்கும் துணி மறைவில் ஒதுங்கும் பழக்கம் உள்ளது. இடைவெளியும் ஃபேனும் ஓரளவு விரட்டலாம், அவ்வளவுதான். மழைக்காலத்தில் காலையில் ஒரு தடவை எல்லாவற்றையும் உதறிவிடுகிறோம். பட்டுச் சேலையை மட்டும் பைப்பில் தங்க விடுவதில்லை. ஜரிகைப் பாரத்தில் இழுபடும் என்பதால் நிழலில் கொஞ்ச நேரம் ஆறப்போட்டு, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி எடுத்து வைக்கிறோம்.

வாடகை வீடு என்றால் கதை வேறு. “தம்பி, சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிறாதீங்க” என்று சாவி கொடுக்கும்போதே சொல்லும் வீட்டுக்காரரிடம் டிரில்லோடு போய் நிற்க முடியாது. அங்கே ஸ்டாண்ட்தான். அடிப்பாகம் அகலமானதாகப் பார்த்து வாங்கி, மூலையில் ஒதுக்காமல் ஃபேன் காற்று படும் இடத்தில் வையுங்கள். கொக்கி கொக்கியாக வரும் மாடலைவிட, குறுக்குக் கம்பி இருந்து ஹேங்கர் மாட்ட முடிகிற மாடல் தேவலை.