சிவப்புக் காற்சட்டையை விட்டுவிடாதீர்கள்: கொக்குவிலில் தைப்பித்த இரண்டு சூப்பர்ஹீரோ உடுப்புகள்

யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு ஒரு சூப்பர்ஹீரோ உடுப்பு வேண்டுமென்றால் இரண்டே வழிதான். பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் பொலித்தீன் உறைக்குள் தொங்குகிற ரெடிமேட்டை வாங்கலாம், இல்லாவிட்டால் அளவு கொடுத்துத் தைப்பிக்கலாம். நான் தைப்பிக்கத்தான் சொல்வேன். கொக்குவிலில் வீட்டிலேயே மெஷின் வைத்துத் தைக்கிற ஒரு அன்ரியிடம் தங்கச்சியின் இரண்டு பொடியளுக்கும் தைப்பித்தோம். மூத்தவனுக்கு ஸ்பைடர்மேன், சின்னவனுக்கு சூப்பர்மேன். அந்த இரண்டையும் பற்றித்தான் இது. கூடவே, இந்த உடுப்புகள் கொமிக்ஸில் உள்ளபடியே இருக்க வேண்டுமா, படங்களில் வருகிறபடி மாறலாமா என்று வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. அதை விட்டுவிட்டு எழுத முடியாது, ஏனென்றால் உடுப்பு சரியா பிழையா என்பதை எதை வைத்துச் சொல்வது என்ற கேள்வியே அங்கேதான் இருக்கிறது.

ரெடிமேட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூத்தவனுக்கு முதலில் வாங்கியது அதுதான், மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய், கடையின் பெயர் வேண்டாம். முன்பக்கம் முழுக்க வலையும் தசைக்கட்டும் அச்சடித்திருக்கிறது, நெஞ்சுக்கு ஸ்பொஞ்ச் வைத்துப் புடைப்பாக்கியும் இருக்கிறது. ஆனால் அந்த வலை பக்கத் தையலோடு நின்றுவிடுகிறது. பின்பக்கம் வெறும் நீலம். முன்னுக்கு நின்று படம் எடுத்தால் ஸ்பைடர்மேன், திரும்பி நடந்தால் யாரோ ஒரு பொடியன் நீல நைற் உடுப்போடு போகிறான். படத்தில் வருகிற உடுப்பின் நிழலையும் மடிப்பையும் சாம்பல் நிறத்தில் அச்சடித்து அப்படியே காட்டப் பார்த்திருக்கிறார்கள், அதிலேயே சிவப்பு மங்கிப்போய் செங்கல் நிறமாகிவிட்டது. சிப் வேறு முதல் நாளே வாயைப் பிளந்தது.

அன்ரியிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடித்துவிட்டது. "தம்பி, படத்தில வாற மாதிரியோ, கொமிக்ஸில கீறியிருக்கிற மாதிரியோ? படத்தில எண்டா எந்தப் படம்? ஒவ்வொண்டிலும் ஒவ்வொரு மாதிரியெல்லே இருக்கு."

உண்மைதான். 2002இல் வந்த ஸ்பைடர்மேனுக்கு வலைக் கோடுகள் துணிக்கு மேல் புடைத்து நிற்கும். 2012இல் கண்ணுக்கு மஞ்சள் கண்ணாடி போட்டார்கள், உடுப்பும் ஏதோ விளையாட்டு வீரனின் சீருடை மாதிரி இருந்தது. அது பலருக்குப் பிடிக்கவில்லை, இரண்டு வருடத்தில் அடுத்த படத்துக்கே பெரிய வெள்ளைக் கண்களைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். 2016இல் கப்டன் அமெரிக்கா படத்தில் வந்தவனுக்குக் கண்கள் சுருங்கி விரியும். பழைய கொமிக்ஸில் அப்படிப்பட்ட இயந்திரம் எதுவும் கிடையாது, ஆனால் கொமிக்ஸில் ஓவியர்கள் அந்த வெள்ளைக் கண்ணைச் சுருக்கியும் விரித்தும்தான் கோபத்தையும் திகைப்பையும் காட்டுவார்கள். முழு முகத்தையும் மூடிய ஒருவனுக்கு வேறு எப்படி உணர்ச்சி காட்டுவது? அதனால் இயந்திரம் புதிதாக இருந்தாலும் அந்த மாற்றத்தை விசுவாசமான மாற்றம் என்றுதான் நான் சொல்வேன். மஞ்சள் கண்ணாடி அப்படியல்ல, அது எதற்காக வந்தது என்றே தெரியவில்லை.

1962இல் ஓவியர் ஸ்டீவ் டிட்கோ வரைந்த ஸ்பைடர்மேன்தான் மூலம். கொமிக்ஸ் பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்து, முன்னும் பின்னும் தெரிகிற மாதிரி கொண்டுபோய் அன்ரியிடம் கொடுத்தேன்.

சண்டை வந்தது சூப்பர்மேனில்தான். சின்னவனுக்கு முன்பள்ளி விளையாட்டு விழாவில் வினோத உடைப் போட்டி. தங்கச்சி ஒரே பிடியாக நின்றாள்: "அண்ணா, பிள்ளைக்கு வெளியில ஜட்டி போட்டு விட்டா மற்றப் பொடியள் சிரிக்கப் போகுதுகள். இப்பத்தைய படத்தில அதெல்லாம் இல்லை." அவள் சொன்னது 2013இல் வந்த படத்தை. அதில் நீல உடுப்புக்கு மேல் வருகிற அந்தச் சிவப்புக் காற்சட்டை கிடையாது, நீலமும் இருண்ட நீலம். கொமிக்ஸிலும் 2011இல் அதை எடுத்துவிட்டார்கள்தான். ஆனால் 2018இல், சூப்பர்மேன் முதன்முதலில் வந்த அக்ஷன் கொமிக்ஸின் ஆயிரமாவது இதழோடு திரும்பக் கொண்டுவந்தார்கள், 2025இல் வந்த படத்திலும் அது திரும்பிவிட்டது. 1938இல் அந்த உடுப்பை முதலில் வரைந்தபோது அது ஜட்டியாக வரையப்படவில்லை. அந்தக் காலத்துச் சர்க்கஸ் பலசாலிகள் இறுக்கமான உடுப்புக்கு மேல் அப்படித்தான் ஒரு குட்டைக் காற்சட்டை போட்டார்கள், பார்த்தவுடன் இவன் பாரம் தூக்குகிறவன் என்று எல்லோருக்கும் விளங்கும். கட்டடத்தைத் தூக்குகிற, கண்ணால் நெருப்புக் கக்குகிற ஒரு வேற்றுக்கிரகத்தான், பிள்ளைகள் தன்னைக் கண்டு பயப்படக் கூடாது என்று நினைத்தால் அவனுக்கு இதைவிடப் பொருத்தமான உடுப்பு எது? 2013இன் அந்த இருண்ட உடுப்பைப் பார்த்தால் பிள்ளை கிட்டப் போக யோசிக்கும்.

நிறத்துக்கும் அது தேவை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே நீலமாக இருந்தால் கண் எங்கே நிற்பது? இடுப்பில் அந்தச் சிவப்பும் மஞ்சள் பட்டியும் வந்தால்தான் மேலுடம்பு வேறு, கால் வேறு என்று பிரியும், முதுகில் உள்ள சிவப்புச் சால்வைக்கும் சப்பாத்துக்கும் நடுவில் ஒரு தொடர்பும் வரும்.

அன்ரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வேறொரு காரணம் சொன்னார், அதோடு தங்கச்சியும் ஓமென்றுவிட்டாள். ஒரே துண்டாகத் தைத்துப் பின்னுக்கு சிப் வைத்தால் ஐந்து வயதுப் பிள்ளை தனியாக ஒண்டுக்குப் போக முடியாது, யாராவது முழு உடுப்பையும் கழற்றி விட வேண்டும். அதனால் மேல் வேறு கீழ் வேறு என்று இரண்டு துண்டாகத் தைத்து, இடுப்பில் பிரெஸ் பட்டன் வைத்துப் பொருத்தினார். அந்தப் பொருத்து வெளியே தெரியாமல் மறைப்பது எது? அந்தச் சிவப்புக் காற்சட்டையும் பட்டியும்தான். அந்தக் காற்சட்டை இல்லாவிட்டால் வயிற்றின் குறுக்கே ஒரு பிளவு தெரிந்திருக்கும், பிள்ளை கையைத் தூக்கினால் உள் பெனியன் வெளியே வந்திருக்கும். சால்வையின் பின்பக்கத்தில் கொமிக்ஸில் உள்ள மஞ்சள் எஸ் சின்னத்தையும் கேட்காமலே வைத்திருந்தார், எனக்கு அதில் பெரிய சந்தோஷம். பழைய படங்களில் சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் போட்ட உடுப்பில் அது இருந்தது. பிறகு வந்த பலர் அதை விட்டுவிட்டார்கள்.

யாரும் சிரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மைதானத்தின் மறுகரையில் நின்ற பொடியளே "சூப்பர்மேன்!" என்று கத்தினார்கள். நாட்டுக்கூத்தில் இராசா வேடம் கட்டினவர் வாய் திறக்க முன்னமே, கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் வைத்துக் கடைசி வரிசையில் பாயில் படுத்திருக்கிறவரும் இன்னார் வந்துவிட்டார் என்று அறிந்துகொள்வாரே, கொமிக்ஸ் ஓவியர்கள் செய்ததும் அதே வேலைதான். சின்னக் கட்டத்துக்குள், மலிவுக் கடதாசியில், நாலு நிற அச்சில், தூரத்தில் ஓடுகிற ஒருவனை யாரென்று காட்ட வேண்டும். அதற்காகக் கண்டுபிடித்த உருவத்தைப் படக்காரர்கள் கூச்சப்பட்டு மறைப்பதுதான் எனக்குக் கோபம்.

2000இல் எக்ஸ் மென் என்ற சூப்பர்ஹீரோக் குழுவின் படத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கறுப்புத் தோல் உடுப்பு. படத்துக்குள்ளேயே மஞ்சள் உடுப்பைக் கிண்டலடித்து ஒரு வசனமும் வைத்தார்கள். அந்தக் குழுவில் ஒருவனான வூல்வரின் 1974இலேயே கொமிக்ஸில் மஞ்சளும் நீலமுமாக வந்தவன், ஹியூ ஜாக்மேன் அவனாக எத்தனையோ படம் நடித்தும் அந்த மஞ்சளைத் திரையில் போட 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் கடைசியில் முகமூடியையும் மாட்டிக்கொண்டு நின்றபோது தியேட்டரில் எழும்பிய சத்தத்தைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். இத்தனை வருடம் சனங்களுக்கு இது வேண்டாம் என்று யார் முடிவெடுத்தது?

சரி, அதற்காக ஒரு நூல்கூட மாறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. துணி மாறலாம், தையல் மாறலாம், மாறத்தான் வேண்டும். 1989 பேட்மேனின் ரப்பர் உடுப்பில் மைக்கேல் கீட்டனுக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, முழு உடம்போடுதான் திரும்புவார். 2011இல் வந்த கிறீன் லான்டர்ன் என்ற சூப்பர்ஹீரோவுக்கு நிறமும் சின்னமும் சரியாகத்தான் இருந்தன, ஆனால் உடுப்பு முழுவதும் கம்பியூட்டரில் செய்தது, துணியின் மடிப்போ பாரமோ இல்லாமல் உடம்பில் பெயின்ற் பூசினது மாதிரி இருந்தது. கொமிக்ஸின் நிறங்களும் கல்லில் எழுதினவை அல்ல. ஹல்க் முதல் இதழில் சாம்பல் நிறத்தில்தான் வந்தான், அச்சில் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறாக விழுந்ததால் பச்சையாக்கினார்கள். எங்கள் மாமா ராணி கொமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவி என்று படித்த பேன்டமை எடுங்கள். அமெரிக்காவில் ஊதா, இத்தாலியிலும் பிறேசிலிலும் சிவப்பு, சுவீடனில் நீலம். நிறம் எதுவாக இருந்தாலும் அந்தத் தலைமூடியையும் கறுப்புக் கண்மூடியையும் வரிபோட்ட காற்சட்டையையும் மண்டையோட்டு மோதிரத்தையும் பார்த்தால் வேறு யாரென்று சொல்வீர்கள்? ஆக முதலில் உருவம், அப்புறம் சின்னம், அப்புறம்தான் நிறம். இந்த மூன்றும் நின்றால் மிச்சத்தைத் தையல்காரர் தன் கைக்கும் ஊர் வெயிலுக்கும் ஏற்றபடி மாற்றட்டும்.

அன்ரி மாற்றியதும் அப்படித்தான். ஸ்பைடர்மேனுக்கு இழுபடுகிற லைக்ராத் துணி, அதில் நேர்த் தையல் போட்டால் பிள்ளை குந்தி எழும்பும்போது நூல் அறும் என்று எல்லா மூட்டுக்கும் சிக்ஸாக் தையல் போட்டிருக்கிறார். வலைக் கோடுகளைத் துணிப் பெயின்றால் கையாலேயே கீறினார். அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். துணியைச் சும்மா மேசையில் விரித்துக் கீறினால், போட்டு இழுபட்டவுடன் கோடு வெடித்துவிடுமாம். அதற்காக மூத்தவனின் உடம்பளவுக்குக் கார்ட்போர்ட் மட்டையை வெட்டி, உடுப்பை அதற்கு இழுத்து மாட்டி, இரண்டு கண்ணுக்கும் நடுவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கோடாக இறக்கினார். கோடுகள் சந்தித்துப் பிரிவது கொமிக்ஸில் உள்ள அதே இடத்தில். முதுகிலும் முழு வலை, பெரிய சிவப்புச் சிலந்தி. கண்ணுக்கு வெள்ளை நுளம்பு வலையை இரண்டு மடிப்பாக வைத்து, சுற்றிக் கறுப்புக் கரை. வெளியே இருந்து பார்த்தால் முழு வெள்ளைக் கண், உள்ளே இருந்து பிள்ளைக்கு வெளிச்சத்தில் எல்லாம் தெரியும்.

குறைகளும் உண்டு. பொழுதுபட்டால் அந்த வலைக்குள்ளால் ஒன்றும் தெரியவில்லை, பிறந்தநாள் வீட்டில் மூத்தவன் படியில் தடக்கினான், இரவு நிகழ்ச்சிக்கென்றால் ஒற்றை மடிப்பு வைக்கச் சொல்லுங்கள். முகமூடியில் மூச்சுவிட இடம் விடவில்லை, எங்களூர் வெயிலுக்கு அது பெரிய பிழை, நாடிக்குக் கீழே வலைத்துண்டு ஒன்று வைத்திருக்கலாம். சூப்பர்மேன் சால்வையை ஒட்டுகிற வெல்குரோ கழுத்தில் உரசிச் சிவத்துவிட்டது, பிறகு நாங்களே உள்ளுக்கு ஒரு பருத்தித் துண்டு வைத்துத் தைத்தோம். முதல் கழுவலில் சிவப்புச் சாயம் கொஞ்சம் இறங்கியது, குளிர்தண்ணீரில் தனியாகக் கழுவினால் பயமில்லை. சொன்ன நாளுக்கும் வரவில்லை, போட்டிக்கு முதல் நாள் இரவுதான் கையில் கிடைத்தது.

சூப்பர்மேனுக்கு 4,800 ரூபாய், ஸ்பைடர்மேனுக்கு 6,500, துணியோடு சேர்த்து. ரெடிமேட்டைவிடக் கூடத்தான், ஆனால் அந்த வலையைக் கீற எடுத்த நேரத்தைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அது கூடுதலாகத் தெரியவில்லை. கை, கால் ஓரங்களில் மடித்துத் தைத்து இரண்டு விரல் துணி விட்டிருக்கிறார், அடுத்த வருடமும் இறக்கிப் போடலாம்.

கொக்குவில் பக்கம் தையல் அன்ரி என்று விசாரித்தால் யாரும் காட்டுவார்கள். பள்ளிக்கூடங்களில் விளையாட்டுப் போட்டி தொடங்குகிற தைமாதத்துக்குப் பிறகு போனால் இடம் கிடைக்காது, மார்கழியிலேயே அளவு கொடுத்துவிடுங்கள். போகும்போது கைபேசியில் படத்தின் ஸ்ரில்லைக் காட்டாமல், கொமிக்ஸில் முன்பக்கமும் பின்பக்கமும் தெரிகிற படத்தை நிறத்தோடு அச்செடுத்துக் கொண்டுபோங்கள். அவர் அதை மெஷினுக்கு மேல் சுவரில் ஒட்டி வைத்துத்தான் வெட்டத் தொடங்குவார்.