வீட்டில் தோட்டா ரீலோடிங்: சில வருடங்கள் செய்து பார்த்த பிறகு

சுட்ட தோட்டாவின் பித்தளை உறையில் புதிதாக மருந்தும் குண்டும் போட்டு மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். அதைத் தொடங்குகிறவர்கள் பணத்தை எதில் போட வேண்டும் என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: தராசு, வெளிச்சம், மருந்தின் அளவுகள் உள்ள மேனுவல். தோட்டாவின் பாகங்களை அழுத்திச் சேர்க்கும் கருவியான பிரஸ், அதுவும் வேகமாக ஓடுவது, அதற்கெல்லாம் பிறகுதான். இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள் பாதியில் விட்டதை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் சட்டம். நான் இருப்பது அமெரிக்காவில், ஹூஸ்டன் பக்கம். இங்கே சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய அரசு உரிமம் தேவையில்லை. விற்பதற்கென்று செய்தால் உரிமம் கட்டாயம். நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமில்லை, தோட்டா வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் இருப்பவர்களுக்கு உள்ளது போலச் சில விதிவிலக்குகள் உண்டு. அதை நண்பர் சொல்லிக் கேட்டு முடிவு செய்யாமல் வக்கீலிடம் கேளுங்கள். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கவே கூடாது.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள்: பித்தளைக் கேஸ் (உறை), ப்ரைமர் (தட்டினால் தீப்பொறி தரும் சிறு பாகம்), பவுடர் (வெடிமருந்து), குண்டு. சுட்ட பிறகு கையில் மிஞ்சுவது கேஸ் மட்டும். பெரும்பாலும் அதுதான் விலை கூடிய பாகம் என்பதால் ரீலோடிங்கின் கணக்கே அதில்தான் இருக்கிறது. 9 எம்.எம். மட்டும் சுடுகிறவருக்கு மிச்சம் பெரிதாக இருக்காது. கடையிலேயே மொத்தமாக மலிவாகக் கிடைக்கும். .38 ஸ்பெஷல், .44 மேக்னம், .45 கோல்ட் போன்ற ரிவால்வர் தோட்டாக்களில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் 2020-இல் தொடங்கிய ப்ரைமர் தட்டுப்பாட்டில் கணக்கெல்லாம் தலைகீழானது. விலை பல மடங்கு ஏறியது, பல கடைகளில் அந்த அலமாரியே காலி. காசுக்காக மட்டும் வந்தவர்கள் அப்போதே பிரஸ்ஸை விற்றுவிட்டார்கள்.

நான் தொடங்கியது .38 ஸ்பெஷலில். புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். கேஸ் நேரான குழாய் வடிவம், அழுத்தம் குறைவு, கேஸைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சான டை, கார்பைட் என்ற கடினமான பொருளில் இருந்தால் எண்ணெய் தடவ வேண்டிய வேலை இல்லை. .308 மாதிரி கழுத்து ஒடுங்கிய ரைஃபிள் கேஸ் என்றால் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தடவி, பிறகு துடைத்து, நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டினால் வெட்டி, முனையைச் சீவி என்று வேலை இழுக்கும். அது அப்புறம்.

ஆனால் .38 ஸ்பெஷலில் ஒரு கண்ணி இருக்கிறது, அதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை. 1898-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த தோட்டா இது. கரும்பொடி என்ற பழைய வெடிமருந்தின் காலத்து அளவில் கேஸ் பெரிது. இன்றைய புகையில்லாப் பவுடர் அதில் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். அதனால் ஒரே கேஸில் தெரியாமல் இரண்டு முறை பவுடர் விழுந்தாலும் வழியாது, வெளியிலும் தெரியாது. சுடும்போது சிலிண்டரே வெடிக்கலாம். பவுடர் விழாமலே போனால் ப்ரைமர் மட்டும் குண்டைத் தள்ளிக் குழலுக்குள் சிக்க வைக்கும். அடுத்த குண்டு அதன்மேல் மோதும். அதனால்தான் வெளிச்சம் என்றேன். 50 குழி உள்ள பலகையில் கேஸ்களை நிறுத்திப் பவுடர் போட்டதும், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாக உள்ளே பார்ப்பேன். எல்லாவற்றிலும் ஒரே மட்டம் தெரிய வேண்டும். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் அதைக் கொட்டி மறுபடி எடை போடுவேன். குண்டை வைத்து மூடிய பிறகு பார்க்க வழியே இல்லை.

ஒரு கையிழுப்புக்கு ஒரே வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் இதற்குத்தான் வசதி. வார்ப்பிரும்பு, கனம் அதிகம், கெட்டுப்போகப் பெரிதாக ஒன்றும் இல்லை. என்னுடையதில் ஒரே எரிச்சல், தட்டி எடுக்கும் பழைய ப்ரைமர்கள் தட்டில் விழாமல் தரையில் தெறிப்பது. தராசில் இரண்டு வாங்கினேன். பேட்டரியில் ஓடும் மலிவான எலக்ட்ரானிக் தராசு, ஏசி காற்று பட்டாலே எண்ணை மாற்றிக் காட்டியது. பவுடரை அளப்பது கிரெயினில். 7000 கிரெயின் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. கிரெயினில் பத்தில் ஒரு பங்கைப் பார்க்கிற இடத்தில் இப்படி ஒரு தராசை நம்ப முடியாது. பழைய பாணி பீம் தராசுக்கு மாறினேன், இன்றும் அதுதான். எடை எவ்வளவு என்பதை ஹாட்ஜ்டன், லைமன் போன்ற நிறுவனங்கள் வெளியிடும் தரவில் மட்டுமே பார்ப்பேன். குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏறுவதுதான் முறை. பெயர் தெரியாத யாரோ இணையத்தில் எழுதிய அளவை என் துப்பாக்கியில் போட மாட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ப்ரைமர் வைப்பது. கையில் பிடிக்கும் சின்னக் கருவியில் அழுத்தும்போது ப்ரைமர் வழுக்கிப் போய் அடியில் தட்டி நிற்பதை விரலே சொல்லும். பிறகு கேஸின் அடியை விரலால் தடவிப் பார்ப்பேன். ப்ரைமர் மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்க வேண்டும். மேலே துருத்தினால் ரிவால்வர் சிலிண்டர் சுழலாமல் இறுகிவிடும். கேஸ் வாயில் விரிசல் இருக்கிறதா என்பதற்குக் காதே போதும். ஒரு கைப்பிடி கேஸ்களை உள்ளங்கையில் குலுக்கினால் நல்லவை கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மட்டும் சப்பையாகக் கேட்கும்.

கேஸ்களைக் கழுவுவதற்கு, ஸ்டீல் ஊசிகளோடு பாத்திர சோப்பும் கொஞ்சம் சிட்ரிக் அமிலமும் போட்டுச் சுழற்றும் ஈர முறைக்கு வந்துவிட்டேன். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்கிய கைக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. பளபளப்புக்காக மட்டும் இல்லை. பெரும்பாலான ப்ரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. உலர் முறையில் அந்தத் தூசி காற்றில் பறக்கும். ஈர முறையிலும் அழுக்குத் தண்ணீரில் ஈயம் இருக்கத்தான் செய்யும், கையுறை வேண்டும். வேலை முடிந்ததும் கை கழுவாமல் எதையும் தொடுவதில்லை. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் இதற்குப் பூட்டுப் போடும் தனி அறை இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம்.

ஹூஸ்டன் வெயிலில் கராஜ் அடுப்பாகக் கொதிக்கும் என்பதால் பவுடரை வீட்டுக்குள், அதன் அசல் டப்பாவிலேயே வைக்கிறேன். மேஜைமேல் ஒரு நேரத்தில் ஒரே டப்பா. இரண்டு இருந்தால் தவறான பவுடரை எடுக்க நேரும். மூடியைத் திறந்ததும் காரமான நெடி அடித்தாலோ செம்பழுப்புத் தூள் தெரிந்தாலோ அந்தப் பவுடர் கெட்டுவிட்டது, தூக்கி எறிய வேண்டியதுதான்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களை விசாரியுங்கள். பல துப்பாக்கி நிறுவனங்கள் ரீலோட் செய்த தோட்டாவால் வரும் சேதத்துக்கு வாரண்டி தருவதில்லை. சுட்டுப் பழகும் ரேஞ்சுகள் சில அவற்றை அனுமதிப்பதே இல்லை. ரேஞ்சில் நண்பர்கள் ஆசையாகக் கேட்பார்கள், நான் செய்ததை யாருக்கும் கொடுப்பதில்லை. அடுத்தவர் செய்ததை நானும் சுடுவதில்லை.