ஸ்டாட்டின், எசெட்டிமைப், ஊசி: கொலஸ்ட்ரால் மருந்துகளின் லாபநட்டக் கணக்கு

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையைப் பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. ஒரு கட்சிக்கு ஸ்டாட்டின் என்ற அந்த மருந்து வகை நாற்பதைத் தாண்டிய அனைவரும் விழுங்க வேண்டிய காப்பு மருந்து. மற்றொரு கட்சிக்கு அது தசையையும் கல்லீரலையும் நினைவாற்றலையும் ஒருசேரக் கெடுக்கும் வணிகச் சரக்கு. மருந்தை மட்டும் தனியே எடுத்து எடைபோடுவதால்தான் இரு கட்சிகளும் தடுமாறுகின்றன. அடோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினின் அதே 10 மில்லிகிராம் ஒருவருக்குப் பெரும் லாபமாகவும், இன்னொருவருக்கு ஏறக்குறைய வீணாகவும் இருக்க முடியும். அதை விழுங்குபவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு இப்போது எவ்வளவு என்பதே கணக்கைத் தீர்மானிக்கிறது. ஆகவே மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு முன், மருந்து எடுப்பதையும் எடுக்காமல் இருப்பதையும் ஒப்பிட்டுவிடுவது முறையாகும்.

எடுப்பதா, வேண்டாமா

கொலஸ்ட்ராலைத் தயாரிக்கக் கல்லீரல் பயன்படுத்தும் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்ற நொதியை ஸ்டாட்டின்கள் தடுக்கின்றன. உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் தன் செல்களின் மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகளைக் கூட்டி, இரத்தத்தில் ஓடும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சையிலிருந்து இவ்வகையின் முதல் சேர்மத்தைப் பிரித்தெடுத்தார். 1987இல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இருந்தாலும், பரிசோதனை அறிக்கையில் எண் குறைவதால் ஆயுள் கூடுமா என்ற சந்தேகம் 1994 வரை நீடித்தது. அவ்வாண்டு வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேரில் பாதிப்பேருக்குச் சிம்வாஸ்டாட்டினும் மீதிப்பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் தரப்பட்டன. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் கண்காணித்தபின் பார்த்தபோது, வெற்று மாத்திரைக் குழுவில் 256 பேரும் சிம்வாஸ்டாட்டின் குழுவில் 182 பேரும் இறந்திருந்தனர்.

அதன்பின் நடந்த பெரிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது ஒரு சீரான விகிதம் கிடைத்தது: எல்டிஎல் அளவு டெசிலிட்டருக்கு சுமார் 39 மில்லிகிராம் குறைந்தால், மாரடைப்பு, பக்கவாதம், அடைப்பு நீக்கும் சிகிச்சை ஆகியவற்றின் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இந்த "ஐந்தில் ஒரு பங்கு" என்பதைத்தான் விளம்பரங்கள் பெரிதாகக் காட்டுகின்றன. எதில் ஐந்தில் ஒரு பங்கு என்று கேட்டால் படம் மாறிவிடும். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் பொருத்திக்கொண்ட ஒருவருக்கு அடுத்த பத்து ஆண்டுகளில் மறுபடி வரும் வாய்ப்பு 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அது 24 சதவீதமாகக் குறையும். அவரைப் போன்ற நூறு பேரில் ஆறு பேர் தப்பிக்கிறார்கள். புகைப்பழக்கமோ இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லாத, வாய்ப்பு 3 சதவீதமே உள்ள நாற்பது வயதுக்காரருக்கு அதே மாத்திரை 2.4 சதவீதத்தைத் தரும். அவரைப் போன்ற நூறு பேரில் தப்பிப்போர் கணக்கு ஒன்றைக்கூடத் தொடாது. இருவர் கையிலும் ஒரே அளவு எல்டிஎல் காட்டும் ஆய்வக அறிக்கை இருக்கக்கூடும் என்பதுதான் குழப்பத்தின் வேர்.

பக்கவிளைவுகளையும் இதே போல் தலைக்கணக்காக எழுதினால்தான் ஒப்பிட முடியும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரோரி காலின்ஸும் சக ஆய்வாளர்களும் 2016இல் லான்செட் இதழில் வெளியிட்ட மதிப்பாய்வு அப்படியொரு பட்டியலைத் தந்தது. எல்டிஎல் அளவை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 77 மில்லிகிராம் குறைக்கும் அளவுக்கு 10,000 பேர் ஐந்து ஆண்டுகள் ஸ்டாட்டின் எடுத்தால், ஏற்கெனவே இரத்தக்குழாய் நோய் உள்ளவர்களில் சுமார் 1,000 பேரும், நோய் இல்லாமல் அபாயம் மட்டும் கூடியவர்களில் சுமார் 500 பேரும் பெரிய பாதிப்பிலிருந்து தப்புவர். எதிர்ப்பக்கத்தில் சுமார் 5 பேருக்குக் கடுமையான தசை நோயும், 5 முதல் 10 பேருக்கு மூளை இரத்தக்கசிவும், 50 முதல் 100 பேருக்குப் புதிதாகச் சர்க்கரை நோயும், 50 முதல் 100 பேருக்கு உண்மையிலேயே மருந்தால் வரும் தசைவலி போன்ற தொந்தரவுகளும் நேரலாம். இதன்மீது நியாயமான விமர்சனமும் உண்டு: சில பெரிய ஆய்வுகள் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் சில வாரங்கள் மருந்து கொடுத்து, ஒத்துக்கொள்ளாதவர்கள் விலகிய பின்னரே உண்மையான ஆய்வைத் தொடங்கின. அதனால் லேசான தொந்தரவுகளின் கணக்கு குறைவாகப் பதிந்திருக்கலாம். அந்த எண்ணை இரட்டிப்பாக்கினாலும் மாரடைப்பு வந்தவரின் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது மாறாது. அபாயம் குறைந்தவரின் தராசு மட்டும் ஊசலாடும். "இப்போதைக்கு வேண்டாம்" என்ற முடிவு அவரைப் பொறுத்தவரை அறியாமை ஆகாது.

தசைவலி என்னும் வழக்கு

மருந்தை நிறுத்துகிறவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் தசைவலி என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியுள்ளது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட 19 ஆய்வுகளின் தனிநபர்த் தரவுகளைத் தொகுத்து 2022இல் வெளியான பகுப்பாய்வில், ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 சதவீதம் பேரும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26.6 சதவீதம் பேரும் தசைவலியோ தசைத் தளர்ச்சியோ இருப்பதாகச் சொல்லியிருந்தனர். நடுத்தர வயதைக் கடந்தவர்களில் கால்வாசிப்பேருக்கு எப்படியும் எங்காவது வலிக்கிறது. அவ்வலிக்கு அண்மையில் தொடங்கிய மாத்திரை எளிதில் பழியேற்கிறது. கூடுதல் வலி பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே தென்பட்டது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சாம்சன் ஆய்வு இதைவிட நுட்பமானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை ஏற்கெனவே கைவிட்ட 60 பேர் அதில் சேர்ந்தனர். நான்கு மாதங்கள் ஸ்டாட்டின், நான்கு மாதங்கள் வெற்று மாத்திரை, நான்கு மாதங்கள் எந்த மாத்திரையும் இல்லாமல் என்று ஓராண்டு முழுவதும் மாதங்கள் கலைத்துப் போடப்பட்டன; தொந்தரவின் அளவை அவர்கள் அன்றாடம் நூற்றுக்கு இத்தனை என்று கைப்பேசியில் பதிந்தனர். மாத்திரையே இல்லாத மாதங்களின் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களின் சராசரி 16.3, வெற்று மாத்திரை மாதங்களின் சராசரி 15.4. அதாவது தொந்தரவின் பத்தில் ஒன்பது பங்கு மாத்திரை எடுக்கிறோம் என்ற எதிர்பார்ப்பிலிருந்தே வந்திருந்தது. வலி பொய் என்று இதற்குப் பொருளில்லை. அவர்களுக்கு வலித்தது; மருந்து மட்டும் அதற்குக் காரணமாக இருக்கவில்லை. தங்கள் சொந்தப் பதிவுகளைப் பார்த்தபின் ஏறத்தாழ பாதிப்பேர் மறுபடி ஸ்டாட்டினைத் தொடங்கினர். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டறிக்கையை வரிவிடாமல் படித்துவிட்டு முதல் மாத்திரையை விழுங்கும் பழக்கமுள்ளவர்கள் இந்த ஆய்வைப் பற்றியும் ஒருமுறை படித்துவிடலாம்.

மருந்தால் வரும் உண்மையான தசைவலிக்கென்று ஒரு போக்கு உண்டு. அது தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். மருந்து தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் தலைகாட்டும். நிறுத்தினால் சில வாரங்களில் தணியும். ஒரு முழங்காலில் மட்டும் வலி, விரல் மூட்டு வீக்கம், ஒரு பக்கத்தில் சுரீரென்று இழுப்பது ஆகியவற்றுக்கு வேறு காரணம் தேடுவதே நல்லது. வயது முதிர்ந்தவர்கள், உடல் எடை மிகக் குறைந்தவர்கள், தைராய்டு சுரப்பு குறைந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். தசை சிதைந்து சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும் நிலை மிக அரிது. வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதால் இந்த நிலை பல சமயம் நேர்கிறது. செரிவாஸ்டாட்டின் என்ற மருந்து, குறிப்பாக ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்புக் குறைப்பு மாத்திரையோடு சேர்ந்தபோது உயிர்களைப் பறித்ததால் 2001இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. கிளாரித்ரோமைசின் போன்ற நோய்க்கிருமிக் கொல்லியையோ இட்ராகொனசோல் போன்ற பூஞ்சை மருந்தையோ எழுதித் தரும் மருத்துவரிடம், சிம்வாஸ்டாட்டின் எடுப்பதை மறக்காமல் சொல்ல வேண்டியதும் இதனால்தான்.

சர்க்கரை நோய் விஷயத்தில் பழி மருந்தின்மீது உண்மையிலேயே விழுகிறது. 13 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான பகுப்பாய்வு, 255 பேர் நான்கு ஆண்டுகள் ஸ்டாட்டின் எடுத்தால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் வரும் என்று கணித்தது. மருந்தின் அளவு கூடினால் இதுவும் கூடுகிறது. ஆனால் அந்த ஒருவர் பெரும்பாலும் எல்லைக்கோட்டருகே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர். ரோசுவாஸ்டாட்டினைச் சோதித்த ஜூபிட்டர் ஆய்வில், சர்க்கரைக்கான காரணிகள் உள்ளவர்களுக்கே எண்ணிக்கை கூடியது. நோய் கண்டறியப்பட்ட நாள் சராசரியாக ஐந்தரை வாரங்களுக்குள் முன்னே வந்தது. கல்லீரலைப் பற்றிய அச்சம் இதைவிடப் பெரிதாகப் பேசப்படுகிறது, இதைவிடச் சிறிய காரணத்துக்காக: இரத்தத்தில் கல்லீரல் நொதி அளவு சிலருக்குச் சற்று உயரும், கடுமையான சேதம் மிக அபூர்வம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012இலேயே வழக்கமான தொடர் கல்லீரல் பரிசோதனை தேவையில்லை என்று அறிவித்துவிட்டது. நினைவாற்றல் குறைவதாகச் சிலர் சொல்வதை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

ஸ்டாட்டினுக்குப் போட்டியாக நிற்பவை

ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாகச் சுமார் 6 சதவீதம்தான் இறங்கும். பக்கவிளைவின் வாய்ப்போ அப்படி நின்றுவிடுவதில்லை. எசெட்டிமைப் வேறு வழியில் வேலை செய்கிறது: குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுத்து, எல்டிஎல் அளவைச் சுமார் 15 முதல் 20 சதவீதம் குறைக்கிறது. தசையைச் சீண்டுவது அபூர்வம். 18,144 பேர் பங்கேற்று 2015இல் வெளியான இம்ப்ரூவ்-இட் ஆய்வில், சிம்வாஸ்டாட்டினோடு எசெட்டிமைப் சேர்த்தபோது ஏழு ஆண்டுகளில் பாதிப்புகள் 34.7 சதவீதத்திலிருந்து 32.7 சதவீதமாகக் குறைந்தன. லாபம் சிறிது, ஆனால் உண்மையானது. தென்கொரியாவில் 3,780 இதய நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான ரேசிங் ஆய்வு, ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராமையும், ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராமும் எசெட்டிமைபும் சேர்ந்த கூட்டையும் நேருக்கு நேர் நிறுத்தியது. மூன்று ஆண்டுகளில் இதயப் பாதிப்புகள் 9.9 மற்றும் 9.1 சதவீதம், ஏறக்குறைய சமம். ஒத்துக்கொள்ளாமல் மருந்தை நிறுத்தியவர்களும் குறைத்தவர்களும் 8.2 மற்றும் 4.8 சதவீதம். உச்ச அளவு ஸ்டாட்டினைப் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதைவிட இந்தக் கூட்டு மேலானது என்பது என் கருத்து. மருத்துவர் அளவைக் கூட்டலாம் என்று சொல்லும்போது இதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

எந்த ஸ்டாட்டினும் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு பெம்பெடோயிக் அமிலம் இருக்கிறது. இது கல்லீரலில்தான் செயல்வடிவம் பெறுகிறது. அதற்குத் தேவையான நொதி தசையில் இல்லாததால் தசைவலிக்கு இடம் குறைவு. 13,970 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில் எல்டிஎல் சுமார் 21 சதவீதம் குறைந்தது, பாதிப்புகள் 13.3 சதவீதத்திலிருந்து 11.7 சதவீதமாயின, இறப்பு விகிதம் குறையவில்லை. பதிலுக்கு யூரிக் அமிலத்தால் வரும் கவுட் என்னும் மூட்டுநோய் 2.1 சதவீதத்திலிருந்து 3.1 ஆகவும், பித்தப்பைக் கல் 1.2 சதவீதத்திலிருந்து 2.2 ஆகவும் உயர்ந்தன. ஏற்கெனவே கவுட் உள்ளவருக்கு இது பொருந்தாத பேரம்.

ஊசிகளில் எவலோகுமாப், அலிரோகுமாப் இரண்டும் 2015இல் வந்தன. எல்டிஎல் ஏற்பிகளை அழிக்கும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தை இவை முடக்குவதால் எல்டிஎல் சுமார் 60 சதவீதம் சரிகிறது. 27,564 பேர் பங்கேற்ற ஃபூரியர் ஆய்வில், ஸ்டாட்டினோடு எவலோகுமாப் சேர்த்தவர்களின் எல்டிஎல் டெசிலிட்டருக்கு 92 மில்லிகிராமிலிருந்து 30 ஆக இறங்கியது. சுமார் இரண்டு ஆண்டுகளில் பாதிப்புகள் 11.3 சதவீதத்திலிருந்து 9.8 சதவீதமாயின. ஊசி போட்ட இடத்தில் சிவப்பதும் தடிப்பதும் தவிர, பெரிய பக்கவிளைவு தென்படவில்லை. பக்கவிளைவை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால் இதுவே முதலிடம் பெறும். விலையும் இரு வாரத்துக்கு ஒருமுறை குத்திக்கொள்ள வேண்டிய தொல்லையும்தான் இதைப் பின்வரிசையில் நிறுத்துகின்றன. பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் மிக அதிகமாக உள்ள குடும்பத்தினருக்கும், மாத்திரைகள் எல்லாம் சேர்ந்தும் இலக்கைத் தொடாதவர்களுக்கும் இது தேவைப்படுகிறது. இன்க்ளிசிரான் ஊசி, தொடக்கத் தவணைகளுக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

மருந்தே வேண்டாம், இயற்கை வழி போதும் என்போர் நாடும் சிவப்பு ஈஸ்ட் அரிசிக் குளிகையில் உள்ள மொனகோலின் கே, வேதியியலின்படி லோவாஸ்டாட்டினேதான். தரக்கட்டுப்பாடு இல்லாத லோவாஸ்டாட்டினை, அளவு தெரியாமல், பக்கவிளைவுக்குப் பயந்து எடுப்பது விந்தையான முடிவு. மீன் எண்ணெய், பூண்டு, இலவங்கப்பட்டை, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகியவற்றின் குளிகைகளை ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராமோடு 28 நாள் ஒப்பிட்ட ஸ்போர்ட் ஆய்வில், அந்தச் சிறிய அளவு ரோசுவாஸ்டாட்டின் எல்டிஎல் அளவை 37.9 சதவீதம் குறைத்தது. குளிகைகளில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைக் குறிப்பிடத்தக்க அளவில் விஞ்சவில்லை. வைட்டமின் பி3 எனப்படும் நியாசின் பெரிய ஆய்வுகளில் தோற்றுவிட்டது. உணவுமாற்றமும் நடைப்பயிற்சியும் இந்தப் போட்டியில் சேராதவை. மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவை தேவை.

வலியால் நிறுத்த நினைப்பவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டு இரண்டு முதல் நான்கு வாரம் இடைவெளி விடலாம். வலி அப்படியே நீடித்தால் மருந்து குற்றவாளியில்லை. தணிந்தால் குறைந்த அளவிலோ வேறு ஸ்டாட்டினிலோ மறுபடி தொடங்கிப் பார்ப்பதும், அதுவும் ஒத்துவராவிட்டால் எசெட்டிமைபுக்கு மாறுவதும் வழக்கமான வரிசை. ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக நிறுத்துவது மட்டும் ஆபத்தானது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். மருந்து தொடங்கி 4 முதல் 12 வாரங்களில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் எதிர்பார்த்த அளவு இறங்காவிட்டால், அளவைக் கூட்டுவதற்கு முன் மாத்திரை தவறாமல் உள்ளே போகிறதா என்பதையும் தைராய்டு அளவையும் பார்த்துவிடுவது நல்லது.