தியேட்டரா, லிங்க்கா?

திருகோணமலையில் புதுப்படம் பார்க்க இரண்டு வழி: தியேட்டர், அல்லது போனுக்கு வரும் திருட்டுப் பிரதி லிங்க். லிங்க்கில் டேட்டா மட்டும்தான் செலவு. ஆனால் முதல் நாள் வருவது கமராவில் சுட்ட பிரதி. கிணற்றுக்குள் பேசுவது போல சத்தம், நடுவில் யாரோ எழும்பிப் போகும் தலை. பிறகு ஓடிடியில் உருவிய தெளிவான பிரதி வரும். தயாரிப்பாளரை உண்மையில் சாய்ப்பது அதுதான்.

டிக்கெட் காசில் ஒரு பங்காவது படம் எடுத்தவருக்குப் போகிறது. பெரிய படத்துக்கு ஓடிடி, தொலைக்காட்சி உரிமை கைகொடுக்கும். கடன் வாங்கிப் படம் எடுக்கும் நம்மூர்ப் பெடியளுக்கு டிக்கெட்தான் எல்லாம். இந்தியாவின் 2023 திரைப்படத் திருத்தச் சட்டத்தில் திருட்டுப் பதிவுக்கு 3 ஆண்டு வரை சிறை. இங்கேயும் படைப்பாளியின் உரிமையைக் காக்கும் 2003இன் புலமைச் சொத்துச் சட்டம் உண்டு. (லிங்க் அனுப்புகிறவர் அதையா பார்க்கிறார்!) பெரிய படம் என்றால் ஓடிடியில் வரும்வரை நான் பொறுத்திருப்பேன். உள்ளூர்ப் படத்துக்கு முதல் காட்சிக்கே டிக்கெட்.