தலைமைப் பயிற்சி முடித்து மூன்று ஆண்டுகள்: நல்ல பயிற்சி, மோசமான கணக்கு

முன்பு கூட வேலை பார்த்த தோழி நேற்று போனில் கேட்டாள்: "நீ போன தலைமைப் பயிற்சிக்கு என்னையும் அனுப்புறாங்க. போகலாமா?" சட்டென்று பதில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பொது மருத்துவ வார்டு ஒன்றின் செவிலியர் பொறுப்பாளர். விட்டு விட்டு வகுப்புகள், 360 டிகிரி மதிப்பீடு (மேலதிகாரி, சக ஊழியர், நமக்குக் கீழே இருப்பவர் எல்லாரும் நம்மை மதிப்பிடுவது), வார்டில் செய்ய ஒரு திட்டப்பணி என்று இந்தப் பயிற்சிகள் எப்படிப் போகும் என்பது துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். எனக்கு உண்மையில் பயன்பட்டது சிறு குழுதான். ஆறு பேர் உட்காருவோம். ஒருவர் தன் சிக்கலைச் சொல்வார். மற்றவர்கள் யோசனை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். இந்த வழியை வகுத்த பிரிட்டிஷ் மேலாண்மை அறிஞர் ரெஜ் ரெவன்ஸ், 1960களில் லண்டன் மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்தவர்.

"தப்பு நடந்தால் முதலில் என்ன கேட்பீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். "யார் செய்தது?" என்றுதான் கேட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. திரும்பி வந்ததும் "என்ன நடந்தது?" என்று மாற்றிக்கொண்டேன். நாலைந்து மாதத்தில் இரவு டியூட்டிப் பிள்ளைகள் தாங்களாகவே வந்து, "சிஸ்டர், டோஸ் மாத்திக் குடுக்கப் பார்த்தேன், கடைசி நிமிஷத்துல கவனிச்சேன்" என்று சொன்னார்கள். அதற்கு முன் ஒருத்தர்கூட அப்படி வந்து நின்றதில்லை.

சரி, கோபத்துக்கு வருகிறேன். கடைசி நாள் மாலை, எல்லாரும் கிளம்பும் அவசரத்தில் ஒரு படிவம் தந்தார்கள். பயிற்றுநர் எப்படி, அரங்கம் எப்படி, உங்கள் தலைமைத் திறன் 5க்கு எவ்வளவு? முதல் நாள் அதே கேள்விக்கு 4 போட்டிருந்தேன். இப்போது 3 போட்டேன், ஏனென்றால் எனக்கு எவ்வளவு தெரியாது என்பது அதற்குள் தெரிந்திருந்தது. காகிதத்தில் பார்த்தால் பயிற்சி என்னைக் கெடுத்துவிட்டது! பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, பலன் கிடைத்ததா என்று பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளை அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959லேயே எழுதிவிட்டார். எங்கள் படிவம் முதல் படியைத் தாண்டவே இல்லை.

ஓராண்டு கழித்து மேலிடம் நேரே நான்காவது படிக்குத் தாவியது. மருந்துப் பிழை அறிக்கைகளை எண்ணினார்கள். என் வார்டில் கூடியிருந்தது. "பயிற்சிக்கு அனுப்பியும் பிழை கூடியிருக்கிறதே" என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் கண்டார்: நல்ல தலைமை இருந்த செவிலியர் குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாயின. அங்கே வாய் திறக்கப் பயம் இல்லை என்பது அவர் தந்த விளக்கம். நோயாளியைச் சென்றடைந்த பிழை எத்தனை, அதற்கு முன்பே பிடித்தது எத்தனை என்று பிரித்து எண்ணியிருந்தால் போதும், எங்கள் கதையும் விளங்கியிருக்கும்.

முழுப் பெருமையையும் பயிற்சிக்குக் கொடுப்பதும் நியாயமில்லை. அதே ஆண்டில் இரண்டு புதிய செவிலியர்கள் வந்தார்கள், மருந்து ஏற்பாடும் மாறியது. பயிற்சிக்கு ஆள் போகாத ஒரு வார்டோடு ஒப்பிட்டிருந்தால் எது எதனால் என்று கொஞ்சமாவது தெரிந்திருக்கும். அதைவிட, பயிற்சிக்குப் பிறகு என்னோடு தினமும் வேலை செய்யும் பிள்ளைகளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மாறினேனா என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

அந்தக் கூட்டத்துக்கு மறுவாரமே அறிக்கைகள் குறைந்தன. விஷயம் பிள்ளைகள் காதுக்குப் போயிருந்தது. அவர்களை மறுபடி பேசவைக்க எனக்கு அரை ஆண்டு ஆனது.

அதனால் தோழிக்கு என் பதில்: இந்த முறை போகாதே. ஆறு மாதம் கழித்து உன் வார்டுக்கே வந்து, உன் ஷிப்டில் இருப்பவர்களிடம் கேட்போம் என்று எழுதித் தந்தால் போ. எங்கள் சிறு குழுவில் நான்கு பேர் இன்னும் மாதம் ஒருமுறை போனில் கூடுகிறோம். அதில் வந்து உட்கார், உனக்கு இடம் இருக்கிறது.