பலகாரம் சுடுவதற்கு முன்பே வந்துவிட்ட துப்புரவுக் குழு

பாளையங்கோட்டையில், ஊசிக்கோபுரத்தின் மணியோசை காதில் விழும் தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. 1826-ஆம் ஆண்டிலிருந்து நிற்கும் அந்தப் பேராலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், டிசம்பர் பிறந்தாலே வீடு கழுவும் ஓசையும் ஏணி இழுபடும் ஓசையும் தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். கிறிஸ்துமஸ் வாரத்தில் சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பமும் மும்பையிலிருந்து கொழுந்தனார் குடும்பமும் வந்து சேர்ந்தால் பதினான்கு பேர். கணவரும் நானும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு, மாமியாருக்கு மூட்டுவலி என்ற நிலையில், கடந்த டிசம்பரில் முதல்முறையாக ‘டீப் கிளீனிங்’ செய்து தரும் உள்ளூர் நிறுவனம் ஒன்றை அழைத்தோம். நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதே வேலையை ஏறத்தாழ இதே முறையில் செய்யும் வேறு சிலரும் ஊரில் இருப்பதால், வேலை எப்படி நடந்தது என்பதைச் சொல்வதே வாசிப்பவர்களுக்குப் பயன்படும்.

மூன்று படுக்கையறை கொண்ட வீட்டுக்கு 5,500 ரூபாய், சோபாவுக்கு 1,000 ரூபாய், இரண்டு மெத்தைகளுக்கு 1,000 ரூபாய், இவற்றின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று மொத்தம் 8,850 ரூபாய் ஆனது. டிசம்பர் 13, சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பத்து மணிக்குச் சற்று முன்பு வந்தார்கள். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், அவர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர். மாலை ஆறேகால் வரை நால்வரும் மதிய உணவுக்குத் தவிர உட்காரவில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்ய வேண்டும்.

கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பு கிடைத்த இடம் அடுப்படி. பெண்களில் இளையவர் அங்கே வேலையைத் தொடங்குமுன் சுவிட்ச் பலகைகள் அனைத்தையும் பிளாஸ்டிக் தாளால் மூடி, டேப் ஒட்டினார். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றித் தரையில் விரித்த செய்தித்தாளில் வைத்தபோது, பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கு அரக்கைப் போல இறக்கைகளில் ஒட்டியிருந்தது. வெந்நீரில் எண்ணெய் நீக்கும் திரவத்தைக் கலந்து ஊறவைத்து, பிளாஸ்டிக் சுரண்டியாலும் பழைய பல்துலக்கியாலும் அரை மணி நேரம் போராடிய பிறகுதான், அந்த ஃபேனின் நிறம் பழுப்பு அன்று, தந்த வெள்ளை என்பது எங்களுக்குத் தெரிந்தது. உதவி செய்கிறேன் என்று நான் ஓர் அலுமினியத் தட்டை அதே வாளியில் போடப் போனபோது, “அக்கா, இது அலுமினியம்லா, அந்தத் தண்ணியில போட்டா கருத்துரும்” என்று தடுத்தார். காரத்தன்மை மிகுந்த கரைசல் அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும் என்பது உண்மைதான்; சலவை சோடா கலந்த வெந்நீருக்கும் இது பொருந்தும். தொழில் தெரிந்தவர் என்ற நம்பிக்கை எனக்கு அங்கே பிறந்தது.

குளியலறைகளும் நன்றாகவே வந்தன. எங்கள் போர்த் தண்ணீரின் உப்புக் கறை குழாய்களின் மேல் வெள்ளை ஓடாகப் படிந்திருந்தது. அதைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்த துணியைச் சுற்றிவைத்து நீக்கினார்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறார்களா என்று நான் கவனித்துக்கொண்டே இருந்தேன், ஏனெனில் இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அந்தத் தவற்றை அவர்கள் செய்யவில்லை.

தவறு கூடத்தில் நடந்தது. எங்களுடையது நாற்பது ஆண்டுப் பழைய வீடு. கூடத்தில் மொசைக் தரை, தார்சாவில், அதாவது முன் வராந்தாவில், சிவப்பு ஆக்சைடு தரை. கை கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த கறையைப் போக்க, ஆண்களில் ஒருவர் கழிப்பறைக்கு வைத்திருந்த ஆசிட்டைக் கொஞ்சம் ஊற்றிவிட்டார். மொசைக் என்பது சலவைக்கல் சில்லுகளையும் சிமெண்டையும் சேர்த்துத் தேய்த்த தரை. இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் ஆசிட் பட்டவுடன் நுரைத்து அரித்துவிடும். நான் சத்தம் போட்டு, அவர் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்குள், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குத் தரையின் பளபளப்பு போய்விட்டது. மேற்பார்வையாளர் மன்னிப்புக் கேட்டார், கட்டணத்தில் 500 ரூபாய் குறைத்தார், திங்கட்கிழமை பாலிஷ் போடும் ஆள் ஒருவரை அனுப்பவும் செய்தார். பாதி மங்கல் போயிற்று. மீதிக்கு மறுபடி வர வேண்டும் என்று சொல்லிச் சென்றார் அந்த ஆள். புது டைல்ஸ் வீடுகளிலேயே வேலை பழகிய பிள்ளைகளுக்குப் பழைய தரைகளைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை போலும்.

சோபாவையும் மெத்தைகளையும் டிசம்பரில் கொடுத்தது எங்கள் அறியாமை என்றாலும், அதைச் சொல்லித் தடுத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்தாம். ஷாம்பு நுரையால் தேய்த்து இயந்திரத்தால் ஈரத்தை உறிஞ்சி எடுத்த பின், நான்கு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்றார்கள். சித்திரை வெயிலில் காயலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஜன்னலைத் திறந்தாலே சாரல் உள்ளே வரும் நாள்களில், ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டும் மூன்றாம் நாள்தான் காய்ந்தது. அதற்குள் ஈர நாய் வாடை வீடு முழுவதும் பரவியிருந்தது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டித் தாமிரபரணி கரை புரண்ட அந்த வெள்ளத்துக்குப் பிறகு, எங்கள் பக்கத்தில் இந்த மாதத்தை நம்பி யாரும் எதையும் காயவைப்பதில்லை. உள்ளூர் நிறுவனத்துக்கு இதை நாம் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

இவற்றைவிடப் பெரிய பிழை, நாள் தேர்ந்தெடுத்ததில் நாங்களே செய்தது. கடைசி வாரத்துக்குத் தனிக் கட்டணம் என்று சொன்னதால் முன்கூட்டியே 13-ஆம் தேதியை எடுத்துக்கொண்டோம். ஆனால் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அதிரசமும் சுடுவது 17, 18 தேதிகளில். இரண்டு நாள் முழுவதும் எண்ணெய் காய்ந்த அடுப்படியில், தந்த வெள்ளையாக மீட்கப்பட்ட ஃபேனின் மேல் மெல்லிய பிசுக்கு மறுபடியும் படிந்துவிட்டது. மேடைக்கு மேலுள்ள டைல்ஸை விரலால் தொட்டால் விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. “சுட்டு முடிச்ச பொறவு கூப்பிட்டிருக்கலாம்லா” என்றார் என் மாமியார். அதை அவர் 12-ஆம் தேதியே சொல்லியிருந்தார் என்பதையும் நேர்மையாக எழுதிவிடுகிறேன்.

கட்டணத்தில் எவை அடங்கும் என்ற பட்டியலையும் கவனமாகப் படிக்க வேண்டும். ஃபேன், டியூப் லைட், ஜன்னல் கம்பிகள், கதவுகள் ஆகியவை உண்டு. பரண், ஃபிரிட்ஜின் உட்புறம், சாமான்கள் இருக்கும் அலமாரிகளின் உட்புறம், மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை இல்லை. பதினான்கு பேர் குளிக்கப்போகும் வீட்டில் தொட்டியை விடமுடியாது என்பதால், அதற்கு வேறு ஆளைத் தேட வேண்டியதாயிற்று.

தார்சாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிவப்பு ஆக்சைடு தரைக்கு அவர்கள் ஏதோ மெருகு பூசி, முகம் தெரியும்படி துடைத்துவிட்டுப் போனார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. 21-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு, தூறலில் நனைந்தபடி கேரல் பாடகர் குழு வந்து, முப்பது பேர் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரக்காலுடன் ஏறியபோதுதான் அந்த மெருகின் குணம் தெரிந்தது. பஞ்சுத் தாடியுடன் ஆடிக்கொண்டே வந்த கிறிஸ்துமஸ் தாத்தா இரண்டு அடி வழுக்கிக்கொண்டு போய்த் தூணைப் பிடித்து நின்றார். அதையும் ஆட்டத்தில் ஒன்று என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுநாள் காலை முதல் வேலையாக அங்கே சாக்கு விரித்தேன். நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய நாத்தனார், புதுக் கோலமாக இருக்கும் என்று எதிர்பார்த்த வாசலில் நெல் மூட்டைச் சாக்கைத்தான் முதலில் மிதித்தார்.

வழக்கமாக வரும் அக்காவையும் அவர் துணைக்கு இன்னொருவரையும் இரண்டு நாள் அழைத்திருந்தால் மூன்றாயிரம் ரூபாய்க்குள் வீட்டின் பெரும்பகுதி முடிந்திருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனும் உப்புக் கறையும் மட்டும் முடிந்திருக்காது. ஆகவே இந்த ஆண்டு அடுப்படிக்கும் இரண்டு குளியலறைகளுக்கும் மட்டும், தனிக் கட்டணம் கொடுத்தாவது 20-ஆம் தேதிக்கு, நவம்பரிலேயே சொல்லிவைக்கப் போகிறேன். மொசைக் தரையில் ஆசிட் கூடாது, ஆக்சைடு தரையில் மெருகு கூடாது என்று பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்வேன். அந்தப் பெண்ணே வந்தால் நல்லது என்றும் கேட்பேன்.

ஆசிட் பட்ட இடத்தின் மேல் மேசையைப் போட்டு, அதன் மேல் குடில் வைத்தோம். டப்பாக்களில் முளைக்கவிட்ட கேழ்வரகுப் பயிரும், சவுக்குக் கிளையும், களிமண் ஆடுகளும் சேர்ந்து விருந்தினர் கண்ணில் எதுவும் படாமல் பார்த்துக்கொண்டன. ஜனவரியில் குடிலைப் பிரித்து மேசையை நகர்த்தியபோது மங்கல் அங்கேயே இருந்தது. இரண்டாம் முறை வருவதாகச் சொன்ன பாலிஷ் ஆள் இன்னும் வரவில்லை.