இரும்புக்கை மாயாவி: பல்லாண்டு வாசிப்பு அனுபவம்

பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர்களில் நான் திரும்பத் திரும்ப எடுத்து வாசிப்பவர் இரும்புக்கை மாயாவிதான். 1962-இல் ‘வேலியண்ட்’ வார இதழில் அறிமுகமான இவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தது, 1972-இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ். தமிழ் மறுபதிப்புகளில் தொடங்கிய என் வாசிப்பு, ரெபெல்லியன் நிறுவனம் அண்மைக் காலத்தில் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்புகள் வரை நீண்டிருக்கிறது. இத்தொடர் எனக்கு இன்னும் சலிக்காததற்கு, நாயகனின் ஆற்றலுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளே காரணம்.

மாயாவியின் இயற்பெயர் லூயிஸ் கிராண்டேல். ஆய்வக உதவியாளரான அவர், விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்தப்பட்டவர். உயர் மின்னழுத்தம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் மறையாது. மின்சாரத்தின் வீரியம் குறைந்ததும் உருவம் திரும்பிவிடும். எனவே எங்கு சிக்கிக்கொண்டாலும் அவர் முதலில் ஒரு மின்கம்பியைத் தேடியாக வேண்டும். மறைந்த பிறகும் அந்தரத்தில் நகரும் கை எவர் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ இந்தப் பதற்றத்தைக் கறுப்பு மையின் அடர்ந்த நிழல்களாலேயே உருவாக்குகிறார். இருட்டான கட்டத்தில் ஒளி விழும் ஒரே பொருளாக அந்த விரல்கள் தெரியும் பக்கங்களில், கதை தெரிந்திருந்தும் என் கண் நின்றுவிடுகிறது.

தொடக்கக் கதையில் அவர் குற்றவாளியாகவே வருகிறார். பிற்பாடு உளவமைப்பின் ஏஜெண்டாக மாறும்போது விரலில் துப்பாக்கி, மயக்க வாயு என்று கைக்குள் கருவிகள் பெருகுகின்றன. சிறு வயதில் என்னைக் கவர்ந்தவை இவைதாம் என்றாலும், இப்போது வாசிக்கையில் நெருக்கடியை எளிதாக்கிவிடும் இக்கருவிகளைவிட முதற்கதையின் தவிப்பே மேலானதாகத் தோன்றுகிறது. பெண் பாத்திரங்களுக்கு ஏறத்தாழ இடமே இல்லாதது இத்தொடரின் பெரிய குறை.

மாயாவியின் ஆற்றலுக்கு இருப்பதுபோன்ற வரம்பு பிற பிரிட்டிஷ் காமிக்ஸின் மாந்திரீக நாயகர்களிடமும் உண்டு. ஸோல்டெக்கின் கண் எனும் கல்லை அணிந்திருக்கும்வரைதான் டிம் கெல்லிக்கு அழிவில்லை. 1970-இல் ‘தண்டர்’ இதழில் அறிமுகமான ஆடம் எடர்னோ, ரசவாதியின் அமுதத்தைக் குடித்துச் சாகாவரம் பெற்றாலும் தங்கம் அவரைக் கொல்லும். பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகனான ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல) வேறு வகை. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் பின்னாளில் எழுதிய அத்தொடரில் கற்பனை கட்டற்று ஓடுகிறது. ரெஜ் பன்னின் நுண்கோட்டு ஓவியங்களுக்காகவே அதை வைத்திருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குவோர் மாயாவியின் முதற்கதையை எடுக்கலாம். வாரத்துக்குச் சில பக்கங்களாக வந்த தொடர் என்பதால், ஒரே மூச்சில் படித்தால் ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் வரும் ஆபத்து அலுப்பூட்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அத்தியாயங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.